ஹார்லெமின் மொட்டை மாடிக்கும் நம் அலமாரியில் ஓர் இடம்

அமெரிக்காவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும், அவற்றின் நூலகப் பொறுப்பை ஏற்றிருக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

புதிய கல்வியாண்டுக்கு வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் நம் பள்ளிகளில் தயாராகும் காலம் இது. பஞ்சதந்திரமும் தெனாலிராமனும் ஆத்திசூடிக் கதைகளும் நம் நூலகங்களில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அவை இருக்கத்தான் வேண்டும். அவற்றோடு, கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களின் வாழ்வையும் வரலாற்றையும் அன்பையும் சொல்லும் சிறார் ஓவியப் புத்தகங்களுக்கு ஒரு தட்டையாவது ஒதுக்க வேண்டும் என்றும், கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் மட்டும் எடுத்து வைக்காமல் ஆண்டு முழுவதும் அவற்றை வகுப்பில் புழங்கவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

தமிழ் கற்பிக்கும் பள்ளியில் ஆங்கிலப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஓவியப் புத்தகத்தில் எழுத்து குறைவு. கதையின் பெரும்பகுதியைப் படமே சொல்லிவிடும். எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லச் சொன்னால், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகூட வாய் திறந்து பேசுகிறது. படத்தில் இருப்பவர்களைப் பாட்டி, சித்தப்பா, அத்தை என்று உறவு சொல்லி அழைக்கிறது; யார் கோபமாக இருக்கிறார், யார் எதற்காகச் சிரிக்கிறார் என்று ஊகிக்கிறது. பிள்ளைகளை முழு வாக்கியத்தில் பேசவைப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடுவதை வகுப்பெடுக்கும் எவரும் அறிவர். ஆனால் கற்பிக்கும் வசதிக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. இந்தப் புத்தகங்களின் வரலாற்றுக்கும் நமக்கும் இடையே ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த தம் கணவரோடு நெடுங்காலம் நம் நாட்டில் வாழ்ந்தவர். 1898இல், தம் இரு மகள்களைக் கொடைக்கானலில் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பும் ரயில் பயணத்தில், அவர்களுக்கு அனுப்புவதற்காக அவர் ஒரு கதையை எழுதினார் என்று சொல்லப்படுகிறது. மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய புலிகள் உருகி நெய்யாகிவிட, அந்த நெய்யில் சுட்ட அப்பங்களைச் சிறுவன் ஒருவன் வயிறாரத் தின்னும் கதை அது. புலியும் நெய்யும் எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆயினும் அவர் வரைந்த முகங்கள் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் சித்திரங்களாகவே இருந்தன. அச்சிறுவனுக்கு அவர் வைத்த சாம்போ என்ற பெயர், அமெரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல். 1899இல் லண்டனில் வெளியான அப்புத்தகம் கடல் தாண்டிப் போனபோது, அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் அனுமதியின்றியே அதை அச்சடித்து, படங்களை இன்னும் கொச்சையாக மாற்றி வரைந்து, தென்மாநிலத் தோட்டத்துக் கேலிப் பொம்மையாக அச்சிறுவனை ஆக்கிவிட்டார்கள். பல தலைமுறைக் கறுப்பினக் குழந்தைகள், வகுப்பில் அந்தக் கதை வாசிக்கப்படும்போது மற்றப் பிள்ளைகள் தங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதைக் கண்டித்து எழுதினார். 1996இல் எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெர்ரி பிங்க்னியும் அதே புலிகளை வைத்துக்கொண்டு, இழிவை மட்டும் களைந்து, கதையைப் புதிதாகச் சொல்லிக் காட்டினார்கள். நம் ரயில் பாதையில் பிறந்த ஒரு கதையால் நேர்ந்த கேட்டைச் சரிசெய்யும் பொறுப்பும் கறுப்பினத்தவர் தலையிலேயே விழுந்தது.

இரண்டாவது கணக்கு இன்னும் நெருக்கமானது. 1965 செப்டம்பர் 11 அன்று, நான்சி லாரிக் என்ற கல்வியாளர், அமெரிக்கச் சிறார் நூல்களின் உலகம் முழுக்க முழுக்க வெள்ளையாகவே இருக்கிறது என்று ஓர் இதழில் கட்டுரை எழுதினார். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் வெளியான 5,000க்கும் மேற்பட்ட நூல்களை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 6.7 விழுக்காட்டு நூல்களில்தான் ஒரு கறுப்பின முகமாவது தென்பட்டது. சமகாலக் கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்வைச் சொன்னவை ஒரு விழுக்காட்டையும் எட்டவில்லை. புத்தகத்தில் வரும் குழந்தைகள் எப்போதும் வெள்ளையாகவே இருப்பது ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியிலிருந்தே அக்கட்டுரை தொடங்குகிறது. அது வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், அக்டோபர் 3 அன்று, குடியரசுத் தலைவர் ஜான்சன் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியாவுக்கென்று ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. 1964இன் குடிமை உரிமைச் சட்டமும் 1965 ஆகஸ்டில் வந்த வாக்குரிமைச் சட்டமும் எந்தப் போராட்டத்தின் விளைவோ, அதே போராட்டம் உருவாக்கிய அரசியல் சூழலில்தான் நமக்கான கதவும் திறந்தது. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்து அடிவாங்கியவர்கள் நம்மை மனத்தில் வைத்து நடக்கவில்லை; ஆனாலும் அவர்கள் நடந்ததால்தான் நாம் வந்தோம். நம் பெற்றோர் வந்திறங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இந்த முதல் அத்தியாயத்தை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

லாரிக் எழுதுவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே கறுப்பினத்தவர் தம் பிள்ளைகளுக்கான வேலையைத் தாமே தொடங்கிவிட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1920 ஜனவரி முதல் 1921 டிசம்பர் வரை, கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட், அகஸ்டஸ் டில் ஆகியோர் கறுப்பினச் சிறார்களுக்கென்றே ஒரு மாத இதழை நடத்தினார்கள். லாங்ஸ்டன் ஹியூஸின் தொடக்ககாலக் கவிதைகள் அச்சேறியது அதில்தான். 24 இதழ்களோடு அது நின்றுபோனது. 1937இல், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுந்து வாழும் ஹார்லெம் பகுதியின் 135ஆம் தெருக் கிளை நூலகத்தில் பணிக்குச் சேர்ந்த அகஸ்டா பேக்கர், அலமாரியில் இருந்த புத்தகங்களில் கறுப்பினத்தவர் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் வருவதைக் கண்டு, எந்தப் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கலாம் என்பதற்கு மொழி, கருப்பொருள், ஓவியம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்து ஒரு தொகுப்பை உருவாக்கினார். நூலகர் என்ற பதவி எவ்வளவு பெரியது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. 1970 முதல், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் பெயரில் கறுப்பின எழுத்தாளர்களுக்கும், பின்னர் ஓவியர்களுக்கும் விருது வழங்கப்பட்டு வருகிறது. இத்தனைக்குப் பிறகும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் 1985இல் கணக்கெடுத்தபோது, அந்த ஆண்டு வெளியான ஏறத்தாழ 2,500 சிறார் நூல்களில் கறுப்பினப் படைப்பாளிகள் எழுதியவையோ வரைந்தவையோ 18 மட்டுமே. இன்று நிலைமை எவ்வளவோ மேல். நாம் தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன என்பதே என் கோரிக்கைக்குத் துணிச்சல் தருகிறது.

எப்படிப்பட்ட புத்தகங்கள் என்று கேட்பீர்களாயின், நான் முதலில் கையில் எடுப்பது ஃபெயித் ரிங்கோல்டின் ‘டார் பீச்’. 1991இல் வெளிவந்தது. 1939ஆம் ஆண்டின் ஹார்லெம், கோடை இரவு, எட்டு வயது காஸியின் குடும்பம் அடுக்குமாடிக் கட்டடத்தின் தார் பூசிய மேல்தளத்தில் கூடியிருக்கிறது. பெரியவர்கள் பக்கத்து வீட்டாரோடு மேசையில் சீட்டாடுகிறார்கள். தின்பதற்கு வறுத்த கடலையும் பொரித்த கோழியும் தர்ப்பூசணியும் இருக்கின்றன. காஸியும் அவள் தம்பியும் விரித்துப் போட்ட மெத்தையில் படுத்து நட்சத்திரங்களையும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த நமக்கு இந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து காஸி பறக்கத் தொடங்குகிறாள். பாலத்தின் மேல் பறந்து அதைத் தனக்கென்று உரிமையாக்கிக்கொள்கிறாள். அப்பா வேலை செய்யும் தொழிற்சங்கக் கட்டடத்தின் மேலும் பறக்கிறாள். கட்டடத்தைக் கட்டுபவர் அப்பா. ஆனால் நிறத்தின் காரணமாக அந்தச் சங்கத்தில் அவர் உறுப்பினராக முடியாது. வேலை தேடிப் போன அப்பா வீடு திரும்பாத நாட்களில் அம்மா அழுவதும் கதைக்குள் ஒரு வரியாக வந்துபோகிறது. அநீதியை ஒளிக்கவும் இல்லை, அதையே கதையாக்கவும் இல்லை. பக்கங்களின் கீழ் ஓரத்தில் வண்ணத் துணித் துண்டுகளின் வரிசை ஓடுகிறது. ஏனெனில் இந்தக் கதை முதலில் புத்தகமாக அன்றி, 1988இல் ரிங்கோல்ட் தைத்து வரைந்த ஒரு போர்வைச் சித்திரமாகவே பிறந்தது. தையற்கலை அவருக்குத் தாயிடமிருந்து வந்தது. அடிமைப்பட்டிருந்த மூதாதைப் பெண்களும் ஒட்டுத்துணிப் போர்வை தைத்தவர்களே. காஸியின் பறத்தலும் அப்படியே, அடிமைகள் இறக்கை முளைத்து விடுதலைக்குப் பறந்து போனார்கள் என்ற பழைய வாய்மொழிக் கதையிலிருந்து வருவது. மாடியில் படுத்திருக்கும் ஒரு சிறுமிக்குப் பின்னால் இத்தனை தலைமுறைகள் நிற்கின்றன. குழந்தைக்கோ அது பறக்கும் கதை, அவ்வளவுதான். நல்ல ஓவியப் புத்தகத்தின் சூட்சுமமே அதுதான்.

இன்னொன்று, மாத்யூ செர்ரி எழுதி வஷ்டி ஹாரிசன் வரைந்த ‘ஹேர் லவ்’, 2019இல் வெளியானது. மகளின் அடர்ந்த சுருள்முடியைச் சீவி அழகுபடுத்த ஒரு தந்தை படும் பாடுதான் முழுக்கதையும். கறுப்பினத் தந்தையர் குடும்பத்தில் ஒட்டாதவர்கள் என்று திரைப்படங்களும் செய்திகளும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த பொய்யை, எந்த வாதமும் செய்யாமல், சீப்பைக் கையில் பிடித்தபடியே அந்தத் தந்தை தகர்த்துவிடுகிறார். அதே கதையின் குறும்படம் 2020இல் ஆஸ்கர் பெற்றது. முடி என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைக்க வேண்டாம்: பின்னல் சடைக்காகவும் சிக்குச் சடைக்காகவும் பள்ளியிலும் வேலையிடத்திலும் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா முதன்முதலில் சட்டம் இயற்றியதே 2019இல்தான், டெக்சஸில் அத்தகைய சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இவற்றை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிப்ரவரி மாதத்தில் பள்ளிகள் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புபவை பெரும்பாலும் அடிமைமுறை, பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ், கொலையுண்ட தலைவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற வரிசையில் அமைந்தவை. அவை தேவை, அவற்றைக் குறைத்துக் கேட்கவில்லை. ஆனால் ஒரு மக்களைத் துயரத்தின் வழியாக மட்டுமே அறிந்த குழந்தை, தன் வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருக்கும் தோழியையும் பரிதாபத்துக்கு உரியவளாகவே பார்க்கப் பழகிவிடும். அவள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இருக்கிறது, செல்லம் கொடுக்கும் தாத்தா இருக்கிறார், தம்பியோடு சண்டை இருக்கிறது என்பது தெரிந்த பின்புதான் அவள் இழந்தவற்றின் கனமும் விளங்கும். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வரைந்த, சிவப்பு உடை அணிந்து பனியில் விளையாடும் கறுப்பினச் சிறுவனின் கதையில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நியூயார்க் பொது நூலகத்தின் வரலாற்றில் மிக அதிக முறை இரவல் தரப்பட்ட நூல் அதுவே என்று 2020இல் அந்நூலகம் அறிவித்தது.

நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் நிறத்தை விசாரிக்கும் பழக்கமும், ‘கறுப்புதான், ஆனால் களையாக இருக்கிறாள்’ என்று ஆறுதல் சொல்லும் பழக்கமும் விமானம் ஏறி நம்மோடு வந்துவிட்டன. அந்த ‘ஆனால்’ குழந்தையின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கறுமையை ஓர் ஓவியர் நீலமும் ஊதாவும் செம்பழுப்புமாகக் குழைத்து, பக்கம் நிறைய, மன்னிப்புக் கேட்கும் தோரணை சிறிதுமின்றித் தீட்டியிருப்பதைப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆனால் அந்தப் புத்தகங்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல என்ற நினைப்பும் நமக்கு வேண்டும். விருந்தினராகத்தான் நாம் அவற்றுக்குள் போகிறோம்.

தேர்வில் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அட்டையில் கறுப்பினக் குழந்தை சிரித்தால் மட்டும் போதாது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமையாக இருந்த புகழ்பெற்ற சமையற்காரர் ஹெர்குலிஸும் அவர் மகளும் தலைவரின் பிறந்தநாளுக்குக் கேக் சுடுவதாக ஓர் ஓவியப் புத்தகம் 2016 ஜனவரியில் வெளிவந்தது. தந்தை மகள் பாசம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். வரைந்தவரும் கறுப்பினப் பெண்மணியே. கடும் எதிர்ப்பு எழுந்ததும் பதிப்பகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏனெனில் உண்மையான ஹெர்குலிஸ், 1797 பிப்ரவரி 22 அன்று, சரியாக வாஷிங்டனின் 65ஆவது பிறந்தநாளில், மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பி ஓடினார். அந்தச் செய்தி கதைக்குள் இல்லை. ஆசிரியர் குறிப்பில்தான் இருந்தது. சில வாரங்கள் கழித்து, பின்னாளில் பிரான்சின் மன்னரான லூயி ஃபிலிப் அப்பண்ணைக்கு வந்தபோது, ஹெர்குலிஸின் ஆறு வயது மகளிடம், இனி உன் அப்பாவைப் பார்க்கவே முடியாதே, வருத்தமாக இருக்குமே என்று அவருடைய பணியாள் கேட்டார். இல்லை, எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, அப்பா இப்போது விடுதலையாகிவிட்டார் அல்லவா என்று அவள் சொன்னதை லூயி ஃபிலிப் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்பைச் சொல்வதற்கு வரலாற்றை மழுப்ப வேண்டியதே இல்லை. அந்தச் சிறுமியின் பதிலைவிடப் பெரிய அன்பை யார் கற்பனை செய்துவிட முடியும்? நம் தட்டுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கையில், சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதோடு, எது கதைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் அடிமையின் பிள்ளை கதைசொல்லியாக வந்தால், அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியதை அவள் சொல்கிறாளா என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் பொது நூலகத்தில் கிடைக்குமே என்ற மறுப்புக்கு வருகிறேன். கிடைக்கும், இப்போதைக்கு. பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டம், கறுப்பினத்தவர் உள்ளிட்ட பலரைப் பற்றிய நூல்கள் அடங்கிய நீண்ட பட்டியலை, ரோசா பார்க்ஸ் பற்றிய சிறுவர் ஓவியப் புத்தகம் உட்பட, ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் தடுத்தது. மாணவர்கள் பள்ளி வாசலில் நின்று போராடிய பிறகு 2021 செப்டம்பரில் அத்தடையை விலக்கிக்கொண்டது. 1960இல் ஆறு வயதில், காவலர் சூழ, நியூ ஆர்லியன்சின் வெள்ளையர் பள்ளிக்குள் நடந்து சென்ற ரூபி பிரிட்ஜஸ் தம் அனுபவத்தைக் குழந்தைகளுக்காகத் தாமே எழுதிய புத்தகத்தின் மீது, டென்னசியில் ஒரு பெற்றோர் குழு 2021இல் புகார் கொடுத்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை அகற்ற வாரியங்களுக்கு உரிமை இல்லை என்ற திசையில் உச்ச நீதிமன்றம் 1982இலேயே பேசியிருந்தாலும், அத்தீர்ப்பில் நீதிபதிகளிடையே பெரும்பான்மைக் கருத்தொற்றுமை இல்லாததால் வழக்குகள் இன்றும் ஓயவில்லை. இந்தப் பூசல் நடப்பது பள்ளி வாரியக் கூட்டங்களில். கணிதப் பாடத்தின் நிலையை உயர்த்தச் சொல்லி அதே கூட்டங்களில் வரிசையில் நின்று பேசுகிறோம். புத்தகம் பற்றிய பேச்சு வந்தால், அது அவர்கள் விவகாரம், நமக்கெதற்கு வம்பு என்று எழுந்து வந்துவிடுகிறோம். வாக்குள்ள பெற்றோர் இப்படி ஒதுங்குவது நடுநிலை ஆகாது. புத்தகத்தை எடுக்கச் சொல்பவரின் குரல் மட்டும் பதிவாக அது வழிவிடுகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. வரும் கொள்முதலில் ஒரு சிறு பங்கை இந்நூல்களுக்கு ஒதுக்குங்கள். புத்தகம் எதுவாயினும் வாங்குமுன் இரண்டு ஆசிரியர்களாவது முழுவதும் வாசித்துப் பார்க்கட்டும்; விற்பனைப் பட்டியலின் வருணனையை நம்ப வேண்டாம். பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் பஞ்சதந்திரக் கதைக்கு அடுத்ததாகக் காஸியின் கதையையும் வையுங்கள், அதுவும் அக்டோபரிலும் மார்ச்சிலும். முடிந்த ஊர்களில், அருகிலுள்ள கறுப்பினப் புத்தகக் கடைகளில் வாங்குங்கள். எதை எந்த வயதுக்குக் கொடுக்கலாம் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். உங்கள் பள்ளி மாவட்டத்தில் நூல் நீக்கக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளை, பொங்கல் விழா அறிவிப்பைப் போலவே பெற்றோர் வாட்ஸாப் குழுவில் தெரிவியுங்கள். யார் என்ன பேச வேண்டும் என்று பள்ளி சொல்ல வேண்டியதில்லை, கூட்டம் நடக்கிறது என்று சொன்னால் போதும்.

பட்டியலைத் தயாரிக்கவும், ஒவ்வொரு நூலுக்கும் வகுப்பில் கேட்கத்தக்க தமிழ்க் கேள்விகளை எழுதித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். வேறு ஊர்களின் ஆசிரியர்கள் சேர்ந்துகொண்டால் வேலை இன்னும் செம்மையாகும். நம் பள்ளிகளில் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, நூலகம் என்பது வாரந்தோறும் யாரோ ஒருவரின் கார் டிக்கியில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் பெட்டிகள்தான் என்பதை அறிந்தே கேட்கிறேன். இந்த ஆண்டு ஒரு பெட்டி கூடுதலாக வரட்டும்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளித் தன்னார்வ ஆசிரியை ஒருவர்